எங்கள் அடுப்படி வழியாகப் போன ரோடு

1

முசிறியிலிருந்து சிறப்பு மலர்க் குழுவினர் எழுதியிருந்தார்கள். கடல் கடந்து போன நம் ஊர்க்காரர்களிடம் அனுபவக் கட்டுரை வாங்கிப் போடுகிறார்களாம். நானும் ஒன்று எழுத வேண்டுமாம். அடியில் முழு விலாசத்தையும் தவறாமல் குறிப்பிட வேண்டுமாம்.

கட்டுரை கேட்டது சரி. இந்த மலை ஊரான பதுளைக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது, எழுத விஷயமா இல்லை? ஆனால் முழு விலாசம் என்று சர்வசாதாரணமாகக் கேட்டுவிட்டார்களே, அந்த விலாசத்தால் நானும் என் வீட்டுக்காரரும் பட்ட பாடு கொஞ்ச நஞ்சமல்ல. அதையே அனுபவமாக எழுதிவிடுகிறேன். ஒரே தபாலில் இரண்டு வேலையும் முடியட்டும்.

நம் ஊரில் தெரு என்றால் தெரு. இந்த முனையில் நின்று கூப்பிட்டால் அந்த முனையில் எவளாவது 'என்னடி' என்பாள். ஒரு தெருவுக்குள் நுழைந்தால் அடுத்த தெருவில் கொண்டுபோய் விடும். இங்கே அதெல்லாம் நடக்காது. எதிர்ச் சரிவில் இருக்கிற வீட்டுக்காரி இன்றைக்கு முருங்கைக்காயா கத்தரிக்காயா என்று என் ஜன்னலில் நின்றே சொல்லிவிடுவேன். அவளிடம் ஒரு கொத்துக் கறிவேப்பிலை வாங்க வேண்டுமானால் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். நடுவில் பள்ளம்.

கல்யாணமாகி ரயிலில் வந்த அன்றைக்கே எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெமோதரை என்று ஒரு ஸ்டேஷன். ரயில் அங்கே நின்று, கிளம்பி, மலையைச் சுற்றிச் சுற்றி ஓடி, ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்தது. "இப்ப நாம அந்த ஸ்டேஷனுக்கு அடியில போறோம்" என்றார் என் வீட்டுக்காரர், ஏதோ தானே தோண்டின மாதிரி. எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு நேரம் ஓடி, நின்ற இடத்துக்கே வந்திருக்கிறோமே, இந்த மனுஷனை நம்பியா வந்தேன் என்று. அவர் பதறிப்போய், "அழாத, அழாத, இந்த ஊர்ல எல்லாமே இப்படித்தான்" என்றார். ஆறுதல் சொன்னதாக நினைப்பு.

அவர் பஸ் கம்பனியில் டைம்கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்குப் பண்டாரவளைக்குப் போகும், எது அப்புத்தளையில் மூடுபனியில் நின்று பிந்தி வரும் என்பதெல்லாம் விரல் நுனியில். சிறு வயதில் தகப்பனாரோடு வந்தவர். தகப்பனார் வாடகைக்குப் பிடித்த வீட்டிலேயே வளர்ந்து, அந்த வீட்டுக்கே என்னையும் கூட்டிவந்தார்.

2

வீட்டின் வாசல் கடைவீதிப் பக்கம் கீழ் ரோட்டில். உள்ளே கூடம், நடு அறை, அடுப்படி. அடுப்படியின் பின்கதவைத் திறந்தால் பதினோரு கற்படி மேலே ஏறும். அதன் தலைப்பில் ஒரு பலகைக் கதவு. நான் வந்த புதிதில் அதற்கு அப்பால் பலா மரமும் மானாப்புல்லும் தவிர ஒன்றுமில்லை.

உலக யுத்தம் முடிந்தது, சுதந்திரம் வந்தது, உத்தியோகஸ்தர்கள் பெருகினார்கள். அவர்கள் எங்கேயாவது இருக்க வேண்டுமே. பலா மரத்தை வெட்டி மேலே ஒரு ரோடு போட்டார்கள். அந்த ரோடு பாலத்தடியில் தொடங்கி, மலையைச் சுற்றிக்கொண்டு ஏறி, கடைசி வீட்டு வாசலோடு நின்றுவிட்டது. ஏறவும் அந்த ஒரு வாய்தான், இறங்கவும் அதே வாய்தான். அதற்கு மேலே இன்னொரு ரோடு, அதுவும் அப்படியே. வீடுகள் மட்டும் ஏறிக்கொண்டே போயின. கடை, கோயில், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட் எல்லாம் கீழே கிடக்கின்றன. மேல் ரோட்டுக்காரர்கள் எங்கள் ஓட்டுக்கூரையைக் காலடியில் பார்த்துக்கொண்டே ஒரு மைல் சுற்றி எங்கள் வாசலுக்கு வந்தார்கள்.

முதலில் கதவைத் தட்டியவர் கந்தையா மாஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர், கீழே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கொட்டுகிற மழையில் குடையோடு நின்றார்.

"பிள்ளை, குறை நினைக்க வேண்டாம். இதால ஒருக்கா இறங்கிப் போகலாமோ? மணி அடிக்கப் போகுது."

படித்த மனுஷன், மழை வேறு. சரி என்றேன். ஆனால் சேறு அப்பின சப்பாத்தோடு அடுப்படிக்குள் விட முடியுமா? "செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டுப் போங்க" என்றேன். அவர் அப்படியே சப்பாத்தை ஒரு கையில், குடையை மறு கையில் பிடித்துக்கொண்டு, அடுப்படி, நடு அறை, கூடம் எல்லாம் தாண்டி வாசலில் இறங்கி மாட்டிக்கொண்டு ஓடினார்.

'ஒருக்கா' என்றவர் மறுநாளும் வந்தார். அடுத்த வாரம் பக்கத்து வீட்டு நர்ஸம்மாவையும் கூட்டிவந்தார். அப்புறம் யார் யாரைக் கூட்டிவந்தார்கள் என்றே தெரியாது. ரொட்டி விற்கிற பாண்காரன் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தான். தேர்தலுக்கு நின்ற ஒருவர் ஓட்டுக் கேட்டுக்கொண்டே நுழைந்து, கேட்டுக்கொண்டே வெளியே போனார். ஒரு நாள் மாப்பிள்ளை அழைப்புக் கூட்டமே வந்துவிட்டது. தவிலை நடு அறைக் கதவில் சாய்த்துத்தான் திருப்ப முடிந்தது. நாதஸ்வரக்காரர் என் அடுப்படியில் நின்று சீவாளியை நனைத்துக்கொண்டார். சிங்களவர், முஸ்லிம், தேயிலைத் தோட்டத்து ஆட்கள், எல்லாருக்கும் ஒரே சட்டம்தான். செருப்பு கையில் இருக்க வேண்டும். படியில் காலடிச் சத்தம் கேட்டால் நான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். "செருப்பு!" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"மாஸ்டர் இன்னைக்கு நாலு நிமிஷம் லேட்டு" என்பார் என் வீட்டுக்காரர், காப்பியைக் குடித்துக்கொண்டே. பஸ் ஸ்டாண்டில் பார்க்கிற வேலை போதாதென்று வீட்டிலும்.

3

இந்தியாவிலிருந்து வந்து இங்கே தங்கிவிட்டவர்கள் இந்த நாட்டுப் பிரஜை ஆவதற்கு மனுப் போட வேண்டும் என்று சட்டம் வந்தது. இத்தனை வருஷம் விடாமல் இங்கேயே குடியிருந்தோம் என்று நிரூபிக்க வேண்டும். என் வீட்டுக்காரர் வாடகை ரசீதுத் துண்டு, பள்ளிக்கூடச் சான்று, பழைய கடித உறை என்று ஒரு தகரப் பெட்டி நிறையச் சேர்த்து மனுப் போட்டார். அவருக்கு வேறு ஊர் கிடையாது. முசிறி வெயிலில் ஒரு வாரம் விட்டால் மனுஷன் அப்பளம்தான். மகள் ராணி அதற்கும் மேல். கான்வென்டில் படிக்கிறாள், சிநேகிதிகளோடு சிங்களத்தில் சண்டை போடுகிறாள், இங்கிலீஷில் கணக்குப் போடுகிறாள், பசி வந்தால் மட்டும் தமிழ். இவர்களை அள்ளிக்கொண்டுபோய் அங்கே எங்கே நடுவது?

என் சங்கதி வேறு. மறைப்பானேன், எழுதிவிடுகிறேன். கல்யாணத்துக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் வைத்த டிரங்குப் பெட்டியை நான் முழுக்கப் பிரித்ததே இல்லை. அடியில் பாதி அப்படியே இருந்தது. எப்படியும் ஒரு நாள் ஊருக்குப் போகப்போகிறோம், பிரிப்பானேன், மறுபடி அடுக்குவானேன் என்று. மனு தள்ளுபடியானால் ஆகட்டுமே என்று மனசின் ஒரு மூலை சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

வருஷக்கணக்கில் பதில் இல்லை. அப்புறம் ஒரு கடிதம் வந்தது. இங்கிலீஷ். என் வீட்டுக்காரர் படித்தார், மறுபடி படித்தார், பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க?"

"நாம குடியிருக்கிறதா சொன்ன எடத்துல வீடே இல்லையாம்."

"பின்ன?"

"டவுன் பிளான்ல பார்த்தாங்களாம். மேல் ரோட்டுலருந்து கீழ் ரோட்டுக்குப் போற பொது நடைபாதையாம் இது. நடைபாதையில நிரந்தரமாக் குடியிருக்க முடியாதாம். ஆள் வந்து பார்ப்பாங்களாம். அதுக்குள்ள தக்க சாட்சி காட்டலைன்னா மனு தள்ளுபடி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப ராணியை நான் ரோட்டுலயா பெத்தேன்? நடு அறையில பெத்தேன்! அந்த மருத்துவச்சியைக் கூப்பிடுங்க, கேப்போம்!"

பிறகு நிதானமாக யோசித்ததில் விளங்கியது. ஊர் பெருகுகிறதே என்று படம் வரைய ஒரு சர்வேயர் வந்திருந்தார். சங்கிலியும் முக்காலியும் வைத்துக்கொண்டு இரண்டு நாள் மேல் ரோட்டில் நின்றார். எங்கள் கதவு வழியாக ஜனங்கள் மேலிருந்து கீழே போவதையும், அதே ஜனங்கள் மூட்டையோடு திரும்புவதையும் பார்த்தார். பசிக்கிறது என்று நானே கூப்பிட்டுத் தோசை கொடுத்தேன். "இந்த வழி எப்பவும் திறந்திருக்குமா அம்மா?" என்று கேட்டார். பெருமையாக, "எப்பவும்" என்றேன். படத்தில் புள்ளி புள்ளியாக ஒரு கோடு போட்டுக்கொண்டார். என் தோசையைத் தின்றுகொண்டே என் வீட்டை அழித்திருக்கிறான் பாவி!

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ஊருக்குப் போகலாமே என்று சொல்லிக்கொண்டிருந்த அந்த மூலை அன்றைக்கு வாயே திறக்கவில்லை. நானாகப் போகிறேன் என்பது வேறு, நீ குடியிருந்ததே இல்லை என்று இன்னொருத்தன் சொல்வது வேறு.

4

அன்றைக்கே இரண்டு பூட்டு வாங்கிவரச் சொன்னேன். மேல் கதவுக்கு ஒன்று, வாசலுக்கு ஒன்று.

"பூட்டிட்டா வீடுன்னு ஆயிடுமா?" என்றார் அவர். "தோட்டத்து ரோட்டுக்கெல்லாம் கேட் போட்டுப் பூட்டுதான் போட்டிருக்கு. அதெல்லாம் வீடா?"

"பூட்டாத ரோட்டை விட இது மேல்" என்றேன்.

மறுநாள் காலையில் மேல் கதவு அதிர்ந்தது. மாஸ்டர். விஷயத்தைக் கதவிடுக்கு வழியாகச் சொன்னேன். அவர் ஆவேசமாகிவிட்டார். "இதென்ன அநியாயம்! பிள்ளை, நான் வந்து சாட்சி சொல்லுறன். எத்தினை வருசமா ஒவ்வொரு நாளும் நான் இதால நடந்து போறன்! நர்ஸம்மாவும் சொல்லுவா. முழு மேல் ரோடும் வந்து சொல்லும்!"

"என்னன்னு சொல்லுவீங்க மாஸ்டர்?"

"இதால நடந்து..." என்றவர் நிறுத்திக்கொண்டார். கணக்கு வாத்தியார் அல்லவா, தானே பிடித்துக்கொண்டார். நாங்கள் இங்கே குடியிருந்ததைப் பார்த்தவர்கள் எல்லாரும் எங்கள் வீட்டை நடந்து கடந்தவர்கள். சாட்சி எத்தனை பேர் வருகிறார்களோ, ரோடு அத்தனைக்கு உறுதியாகிவிடும். வாடகை வாங்க வருகிற ஆளும், பிரசவம் பார்த்த மருத்துவச்சியும்கூட மேல் ரோட்டுக்கு எங்கள் வழியாகத்தான் ஏறினார்கள். கடந்து போகாதவன் எவனுக்கும் எங்களைத் தெரியாது.

"இது சிக்கலான கணக்குத்தான்" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் ஒரு மைல் சுற்றப் போனார். அன்றைக்கு அவர் இருபத்தாறு நிமிஷம் லேட்டு என்று என் வீட்டுக்காரர் வருத்தத்தோடு தெரிவித்தார்.

ஒரு வாரம் பூட்டியே கிடந்தது. பாண் வரவில்லை, ஊர்ச்செய்தியும் வரவில்லை. எட்டாம் நாள் முத்தம்மா வந்தாள். மேலேயுள்ள தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள், ஞாயிறு தவறாமல் எங்கள் வழியாகத்தான் கடைக்கு வருவாள். அன்று வாசல் பக்கமாக, சுற்றி நடந்த களைப்போடு வந்து நின்றாள். கையில் துணி சுற்றின தூக்குச் சட்டி.

"மகளுக்கு ஆஸ்பத்திரியில பொண்ணு பொறந்திருக்கும்மா. பத்தியச் சோறு கொண்டுபோறேன். சுத்தி வர்றதுக்குள்ள தெனம் ஆறிப்போயிருது."

வேறொன்றும் சொல்லவில்லை. கோபித்திருந்தால்கூட நானும் திருப்பிக் கொடுத்திருப்பேன். சட்டியைத் துணியோடு அணைத்துக்கொண்டு நின்றாள். எனக்குத்தான் தாங்கவில்லை. "நாளையிலருந்து மேல் கதவு வழியா வா. உனக்கு மட்டும்தான், யார்கிட்டயும் சொல்லாத" என்றேன்.

அவள் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள். ஆனால் ஒருத்தி நுழைவதைப் பார்த்தால் மேல் ரோட்டுக்குச் சொல்லவும் வேண்டுமா? இரண்டே நாளில் பழைய கூட்டம் அத்தனையும் வந்து சேர்ந்துவிட்டது.

5

விசாரணைக்கு வருகிற தேதியைக் கடிதத்தில் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு ஒருவரும் வரக்கூடாது என்று மாஸ்டரிடம் சொல்லி, மாஸ்டர் எல்லாரிடமும் சொல்லி, எல்லாரும் தலையாட்டியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் கோட்டுப் போட்டுக்கொண்டு, தகரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, காலை முதல் வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி போடத் தயாராக நின்றேன். முத்தம்மா மட்டும் சோற்றுச் சட்டியோடு வந்து, மூச்சு வாங்க அடுப்படியில் ஒரு ஓரமாகக் குந்தியிருந்தாள்.

படியில் திமுதிமுவென்று காலடி கேட்டது. மேல் ரோட்டுக்காரன் எவனோ சொன்ன பேச்சைக் கேட்காமல் வந்துவிட்டான்! திரும்பிப் பார்க்காமலே கத்தினேன்.

"எத்தனை வாட்டி சொல்றது! செருப்பக் கழட்டிக் கையில எடு!"

காலடி நின்றது. முனகல், கயிறு அவிழ்க்கிற சத்தம். அப்புறம் என் அடுப்படிக்குள் அரசாங்கம் நுழைந்தது. நல்ல உயரமான சிங்கள துரை ஒருவர், வெள்ளைக் கால்சட்டை, காலில் மேஜோடு மட்டும். வலது கையில் பளபளவென்று இரண்டு கறுப்புச் சப்பாத்து. பின்னால் மொழிபெயர்ப்பாளர், அவர் கையில் அவருடைய சப்பாத்து, கக்கத்தில் சுருட்டின டவுன் பிளான். பிளானில் கண்ட புள்ளிக் கோட்டைப் பிடித்துக்கொண்டே மேல் ரோட்டிலிருந்து இறங்கியிருக்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் ஓடிவந்து, கும்பிடுவதா கை கொடுப்பதா என்று தெரியாமல் இரண்டையும் பாதிப் பாதி செய்தார்.

துரை ஒரு கையாலேயே படத்தை என் அம்மிமேல் விரித்தார். அவர் சொல்லச் சொல்ல மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

"பிளானில் இது பாதை. நாங்கள் மேலேயிருந்து இறங்கினோம், யாரும் மறிக்கவில்லை. எதிர்க் கதவும் திறந்திருக்கிறது. அங்கே ரோடு தெரிகிறது. இதை வீடு என்று எப்படிச் சொல்கிறீர்கள்?"

என் வீட்டுக்காரர் வாடகைத் துண்டுகளை எடுத்தார், அவசரத்தில் எல்லாம் தரையில் கொட்டின. அந்த நேரம் பார்த்து வாசல் வழியாக நர்ஸம்மா, செருப்பு ஒரு கையில் பை ஒரு கையில், "ஐயோ, இண்டைக்கோ!" என்று சொல்லிக்கொண்டே எல்லாருக்கும் நடுவே புகுந்து மேலே ஏறிப்போய்விட்டாள். துரை புருவத்தை உயர்த்தி, பேனாவைத் திறந்து, முழங்காலில் கோப்புக் கட்டை வைத்து ஏதோ எழுதத் தொடங்கினார். சப்பாத்தை மட்டும் இறக்கி வைக்கவில்லை, கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். தீர்ந்தது, எல்லாம் தீர்ந்தது என்று நினைத்தேன்.

ஓரத்தில் குந்தியிருந்த முத்தம்மா எழுந்தாள். "தொரை கோவிச்சுக்கக் கூடாது. ஒண்ணு கேக்கலாமுங்களா?"

மொழிபெயர்ப்பாளர் கையமர்த்தினார். அவள் அமரவில்லை.

"ரோடுன்னா எதுக்குங்க சப்பாத்தக் கையில வச்சிருக்கீங்க?"

துரை என்ன என்று கேட்டார். மறுபடி கேட்டார். கடைசியில் மொழிபெயர்ப்பாளர் தரையைப் பார்த்துக்கொண்டே சிங்களத்தில் மெல்லச் சொன்னார். துரை தன் கக்கத்தைப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளரின் கையைப் பார்த்தார். நர்ஸம்மா ஏறிப்போன படியைப் பார்த்தார். அப்புறம், எழுதினதை ஒரே கோடாக அடித்தார்.

இன்னும் ஒரு கேள்வி பாக்கியிருந்தது. படிவத்தில் உள்ளதாம், மனைவியிடமும் கேட்க வேண்டுமாம். "அம்மா, நீங்கள் இந்த நாட்டிலேயே நிரந்தரமாக இருக்கும் எண்ணத்தோடு இருக்கிறீர்களா?"

எனக்கு நடு அறைக் கட்டிலும் அதன் அடியிலிருந்த பெட்டியும் கண்ணில் பட்டன. அந்த நேரம் பார்த்துப் பால் பொங்கியது. "ஆமா ஆமா" என்று சொல்லிக்கொண்டே அடுப்புக்கு ஓடினேன். அவர் எழுதிக்கொண்டார்.

தேத்தண்ணி குடித்துவிட்டு இருவரும் வாசல் வழியாக இறங்கி, சப்பாத்தை மாட்டிக்கொண்டார்கள். கார் மேல் ரோட்டில் நின்றது. டிரைவருக்கு ஆள் அனுப்பிச் சொல்லி, அது சுற்றி வருகிற வரைக்கும் கீழ் ரோட்டில் வெயிலில் நின்றார்கள். பதினேழு நிமிஷம் என்றார் என் வீட்டுக்காரர்.

6

பிரஜைப் பத்திரம் வந்து சில வருஷமாகிவிட்டது. போன மாதம் எங்கள் சுவரை ஒட்டினாற்போல் மேல் ரோட்டையும் கீழ் ரோட்டையும் சேர்த்து சிமெண்டுப் படிக்கட்டு ஒன்றைக் கட்டித் திறந்தார்கள். மாஸ்டர் வருஷக்கணக்காக மனு எழுதி வாங்கினது. இரும்புக் கைப்பிடி, மாலை கட்டி, ஒரு பெரிய மனிதர் வந்து நாடா வெட்டினார். கை தட்டினவர்களில் நானும் ஒருத்தி.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மாஸ்டர் வரவில்லை. எட்டே காலுக்கு நர்ஸம்மா வரவில்லை. படிக்கட்டில் அவர்கள் டக் டக்கென்று சப்பாத்தோடு இறங்குகிற சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது. அரசாங்கத்தோடு மல்லுக்கட்டி இது வீடுதான் என்று நிலைநாட்டினேன் இல்லையா, இப்போதுதான் நிஜமாக வீடாகியிருக்கிறது. எனக்கோ சகிக்கவில்லை. தரை காலையில் துடைத்தபடியே பளபளவென்று கிடந்தது; பார்க்கப் பார்க்க எரிச்சல். கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ரோட்டையே எடுத்துவிட்டார்கள், இனி எனக்கு இங்கே என்ன வேலை என்று ஓர் ஆத்திரம்.

மத்தியானம் மேல் கதவு கிறீச்சிட்டது. ராணி. மேல் ரோட்டுச் சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டு, கான்வென்ட் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பதினோரு கல்லும் இறங்கி வந்தாள்.

"ஏண்டி, அதான் பக்கத்துலயே புதுப் படிக்கட்டு இருக்கே? ஊரே அதுலதான் போகுது."

"அது ரோடும்மா" என்றாள், ஒரு மக்குக்குச் சொல்கிற மாதிரி. "நான் வீட்டுக்கு வர்றேன்."

சப்பாத்தை மூலையில் போட்டாள், பசிக்கிறது என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அவளுக்குத் தெரியாமல் துடைத்துக்கொண்டேன். அன்றைக்குப் பால் பொங்கும்போது அரைகுறையாகச் சொன்ன 'ஆமா'வை மறுபடி ஒரு தரம், யாரும் கேட்காமலே, முழுசாகச் சொல்லிப் பார்த்தேன். அப்புறம் பெட்டியைக் கடைசித் துணி வரைக்கும் பிரித்துவிட்டேன். பெட்டியில் இப்போது உளுந்து இருக்கிறது.

விலாசம் கேட்டீர்களே. மேல் ரோடு என்று எழுதினாலும் வரும், கீழ் ரோடு என்று எழுதினாலும் வரும், டைம்கீப்பர் வீடு என்றாலே போதும். முசிறியிலிருந்து யாராவது நேரில் வந்தால் எந்தப் பக்கமாகவும் நுழையலாம். செருப்பை மட்டும் கழற்றிவிட்டு வாருங்கள். கையில் எடுத்துக்கொள்ள வேண்டாம், வாசலிலேயே விட்டுவிடலாம். இங்கிருந்து வேறெங்கும் போகப் போவதில்லையே.